யார் யாருக்குக் கடன்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு சேரி. மாலையில் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தார். மேல்படிப்புக்குப் போகிற மூன்று பிள்ளைகளுக்குப் பணம் கட்டுவதாகச் சொன்னார். சந்தோஷப்பட்டோம். பிறகு பேனரை விரித்தார். பிள்ளைகள் அதன் முன்னால் ஆளுக்கொரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், படம் எடுக்க. அட்டையில் பெயர். அதற்குக் கீழே 'தாழ்த்தப்பட்ட ஏழை மாணவி'. நர்சிங் படிக்க இருந்த பெண் அதைப் படித்துப் பார்த்தாள். "நான் புடிக்க மாட்டேண்ணா" என்றாள். நாங்கள் அவள் பக்கம் நின்றோம். மற்ற இரண்டு பேருக்கும் பணம் கட்டப்பட்டது. இவள் அந்த வருஷம் படிக்கப் போகவில்லை.

அவளுடைய ஆயா என்னைப் பிடித்துக்கொண்டது. "இன்னா நைனா, ஒரு அட்டதான? அத்தப் புடிச்சா கை தேஞ்சா பூடும்? ஒரு வருசம் பூட்ச்சே, யாரு குடுப்பா?"

ஆயாவின் கேள்வி நியாயமானது. மானம் பேசிய நாங்கள் யாரும் ஒரு வருஷத்தை இழக்கவில்லை. இழந்தவள் அந்தப் பெண். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்ப யோசிக்க வேண்டியிருக்கிறது. படிப்புக்குப் பணம் கொடுப்பது என்றால் என்ன? கொடுத்தவனுக்கு வாங்கியவர் எதைத் திருப்பித் தர வேண்டும்?

எம்.ஏ. தமிழில் ஆற்றுப்படைகளை வியந்து வியந்து நடத்தினார்கள். பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனுக்கு வழிகாட்டுகிறான். எவ்வளவு பெரிய மனசு என்றார் வாத்தியார். எனக்கு வேறொன்று உறுத்தியது. வாங்கியவன் வழியெல்லாம் கொடுத்தவனைப் பாடிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. புரவலன் கொடுத்தது சோறு, வாங்கிக்கொண்டது புகழ். பாட்டு போய் பேனர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பாபாசாகேப்பின் கதையைப் பாருங்கள். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில்தான் 1913இல் அவர் கொலம்பியாவுக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு, 3 ஆண்டுகளுக்கு. திரும்பி வந்து சமஸ்தானத்தில் 10 வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். 1917இல் வந்தார். பரோடாவில் தங்க இடமில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்து துரத்தினார்கள். மன்னரின் பணம் இல்லாமல் அந்தப் படிப்பு இல்லை, அதை மறுக்கக் கூடாது. ஆனால் அந்தப் பணத்தால் அதே ஊரில் ஒரு அறையை வாங்கித் தர முடியவில்லை. கொடை ஒரு ஆளைத் தூக்கிவிடும். ஊர் அப்படியே இருக்கும்.

நம்ம ஊருக்கு வருவோம். இந்தப் பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் அதன் கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அடிமைத்தனத்துக்கு நிலமின்மைதான் வேர் என்று கண்டார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. நிலமும் படிப்பும் தனித்தனி இல்லை என்பது நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த சேதி.

இதே வட்டாரத்தில் தேர்வாய்கண்டிகை. தலித்துகள் பெரும்பான்மையாக வாழும் ஊர். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் அவர்கள் நம்பியிருந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேலான நிலம் சிப்காட்டுக்குப் போனது. 2009இல் மிஷ்லின் டயர் கம்பெனியோடு அரசு ஒப்பந்தம் போட்டது. சனங்கள் போராடினார்கள், கைதானார்கள். 2012இல் பிரான்சு வரைக்கும் புகார் போனது. ஆலை வந்துவிட்டது. இப்படி நிலம் போன ஊரில் எந்தக் கம்பெனி நோட்டுப் புத்தகம் கொடுத்தாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது கொடையா, பாக்கியில் ஒரு துளியா?

சட்டமே இதைக் கொடை என்று விடவில்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவழித்தாக வேண்டும். தொழில் நடக்கிற வட்டாரத்துக்கு முன்னுரிமை. சட்டப்படி செலவழிப்பவனுக்கு எதற்கு ஆரத்தி? அந்தப் பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும். அரசுப் பள்ளிக்கு, பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்குக்கு, சனங்கள் கேள்வி கேட்கிற இடத்துக்கு வரட்டும். பிள்ளையின் முகத்துக்கு விலையாக வர வேண்டாம்.

தனியாள் எப்படிக் கொடுப்பது? எங்களுக்குப் புத்தி வந்தது அந்தப் பெண்ணால்தான். அவளுக்கு உதவித்தொகை உரிமை இருந்தது. பத்தாம் வகுப்புக்கு மேலான படிப்புக்கு மைய அரசு உதவித்தொகை 1944இலிருந்தே இருக்கிறது. குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2012இல் 92ஆம் எண் அரசாணை வந்தது. ஆனால் கல்லூரி ஜூனில் கேட்கும். அரசுப் பணம் எப்பவோ வரும். அதற்குள் சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டும். நடக்கிற நாளில் கூலி போகும். உரிமைக்கும் கைக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பள்ளத்தில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். தர்மம் பண்ண வேண்டிய இடம் அது.

சுழல் நிதி ஒன்று ஆரம்பித்தோம். ஆசிரியர்கள், மில்லில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் பையன்கள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். மாசம் 20 ரூபாயும் உண்டு, 1000 ரூபாயும் உண்டு. பிள்ளைக்கு முன்பணம் கட்டுவோம். உதவித்தொகை வந்ததும் அது நிதிக்குத் திரும்பும், அடுத்த பிள்ளைக்குப் போகும். பஸ் பாசும் பரீட்சைப் பணமும் திரும்ப வேண்டாம். கணக்கை மாசக் கடைசி ஞாயிறன்று தெருவில் சத்தமாக வாசிப்போம். யார் எவ்வளவு கொடுத்தார் என்று வாசிப்பதில்லை. மொத்த வரவும் செலவும் மட்டும். 1000 ரூபாய் கொடுத்தவருக்கும் 20 ரூபாய் கொடுத்தவருக்கும் ஒரே ஓட்டு.

பணம் கொடுக்க முடியாதவர் சான்றிதழுக்குக் கூடப் போகலாம். அதுவும் கொடைதான்.

அடுத்த வருஷம் அந்தப் பெண்ணுக்குத்தான் முதல் முன்பணம். இப்போது ஆஸ்பத்திரியில் வேலை. மாசம் 500 ரூபாய் தருகிறாள். ஒருநாள் ஆயாவிடம் சொன்னேன், பேத்தி பணம் தருகிறாள் என்று. "தர்ட்டும். ஆனா அந்த ஒரு வருசத்துக்கு நீ இன்னும் பதில் சொல்லல நைனா" என்றது ஆயா.

இன்னும் சொல்லவில்லை. அன்றைக்கே எங்கள் கையில் நிதி இருந்திருந்தால், அட்டையைத் திருப்பித் தர அவள் ஒரு வருஷத்தை விலையாகக் கொடுத்திருக்க வேண்டாம்.