பச்சை உடம்பும் வயிற்றுக்கட்டும்

நெஞ்செலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை, வயிற்றின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் நீளவாக்கில் இரண்டு தசைகள் ஓடுகின்றன. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்துவது வெண்கோடு எனப்படும் நார்த்திசுப் பட்டை. கருப்பை வளர வளர இந்தப் பட்டை அகன்று மெலிகிறது, தசைகள் விலகிக்கொள்கின்றன. கர்ப்பகாலச் சுரப்புகள் திசுவைத் தளர்த்தி அதற்கு வழி செய்கின்றன. டயாஸ்டாசிஸ் ரெக்டை என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்த விலகல், குழந்தைக்கு இடம் விட உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு. நிறைமாதத்தில் அநேகமாக எல்லாத் தாய்மாருக்கும் ஏதோ ஓர் அளவில் இது இருக்கும். முதல் பிரசவம் கண்ட 300 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு நார்வே ஆய்வு 2016-ல் வெளியானது. பிரசவமாகி ஆறு வாரத்தில் அவர்களில் 60 சதவீதம் பேருக்கும், ஆறு மாதத்தில் 45 சதவீதம் பேருக்கும், ஓராண்டில் ஏறத்தாழ 33 சதவீதம் பேருக்கும் விலகல் இருந்ததாக அது கண்டது. பெரும்பாலோருக்குத் தானே சேர்ந்துவிடுகிறது. சேராதவர்களுக்குப் படுத்து எழும்போது வயிற்றின் நடுவில் மேடு தட்டும். குடத்தைத் தூக்கும்போது வயிற்றில் பிடிமானம் இருக்காது.

தமிழ்நாட்டில் இதற்குக் காலங்காலமாக இருந்துவரும் வழி வயிற்றுக்கட்டு. பிரசவமான சில நாட்களில், நைந்த பருத்திச் சேலையையோ பழைய வேட்டியையோ அகலமாக மடித்து, அடிவயிற்றிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி இறுக்கி முடிவார்கள். பத்தியச் சோறும், சுக்கும் பூண்டும் சேர்ந்த பிரசவ மருந்தும், உடம்பு பொறுக்கும் சூட்டில் வேது தண்ணீரும் இதோடு சேர்ந்தவை. மலேசியாவில் மலாய்ப் பெண்கள் பெங்குங் என்னும் நீளத் துணியைச் சுற்றி 44 நாள் காப்பு இருப்பார்கள். ஜப்பானில் கர்ப்பத்தின் ஐந்தாம் மாதமே, நாய்க்குரிய நாள் பார்த்து, கோயிலில் வேண்டிக்கொண்டு வயிற்றில் துணி கட்டுவது வழக்கம். இன்று சேலையின் இடத்துக்கு மருந்துக்கடை பெல்ட் வந்துவிட்டது. விலகிய தசைகளை அருகே இழுத்துவைத்தால், நீண்டுபோன நார்த்திசு குறுகிய நிலையிலேயே இறுகும் என்ற எண்ணத்தில் அமெரிக்கச் செவிலியர் ஜூலி டப்ளர், பட்டையோடு பயிற்சியையும் சேர்த்து ஒரு முறையை வகுத்தார்.

பெல்ட் எவ்வளவு தூரம் உதவும் என்பதைத் திட்டமாகச் சொல்லிவிட வேண்டும். அது தாங்கும், நிமிர்ந்து உட்கார உதவும், சிசேரியன் ஆனவர்களுக்கு இருமும்போதும் எழும்போதும் வலியைக் குறைக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்பதால் இது சிறிய உதவியல்ல. ஆனால் பெல்ட் மட்டுமே இடைவெளியை மூடும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. உள்வயிற்றைக் குறுக்காகச் சுற்றியிருக்கும் ஆழத்தசையை மெல்ல மெல்ல வேலைவாங்கும் பயிற்சிதான் ஓரளவு பலன் தருகிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கி இறங்கி இடுப்புத்தளத் தசைகளைத் தாக்கும். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடம் அது. கர்ப்பப்பை இறக்கத்தைப் பற்றிய அச்சம் அங்கேதான் தொடங்குகிறது.

உடம்பைப் பற்றிய இந்தச் செய்தி சமயத்தைத் தொடுகிற இடங்கள் இரண்டு. அழியப்போகும் உடம்பின் வயிற்றை இப்படிப் பேணுவது பற்று இல்லையா என்பது ஒன்று. பிள்ளை பெற்றவள் தீட்டுக்காரி என்று ஒதுக்கிவைக்கும் மரபு, அவளைத் தொட்டுக் கட்டிவிடும் கையை எப்படிப் பார்க்கிறது என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு வருவோம். உடம்பு நிலையில்லாதது என்பதைப் பட்டாசுத் தொழில் நடக்கும் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதாக எவரும் போதிக்க வேண்டியதில்லை. சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இறந்தவர்களில் பெண்கள் பலர். காலையில் தூக்குவாளியோடு வேலைக்குப் போனவர்கள் அவர்கள். இப்படிப்பட்ட மண்ணில் நிலையாமையைக் காட்டி உடம்பைப் பேணாதே என்று சொல்வது கொடுமை. சைவ சித்தாந்தமும் அப்படிச் சொல்லவில்லை. உடம்பும், கருவிகளும், உலகும், நுகர்வும் உயிரின் அழுக்கு நீங்க இறைவன் தந்தவை என்பது அதன் அடிப்படைக் கொள்கை. தந்தவன் திரும்பக் கேட்கும்வரை கருவியைப் பழுது பார்த்து வைத்திருப்பது அந்தக் கொள்கைப்படி வழிபாட்டின் பகுதிதான். முன்பு உடம்பை இழிவென்று எண்ணியிருந்ததையும், உள்ளே இறைவன் இருப்பதைக் கண்டபின் அதைக் காத்துவருவதையும் திருமூலர் திருமந்திரத்தில் வெளிப்படையாகவே சொல்கிறார். உடம்பை ஓயாமல் பழித்த பட்டினத்தாரும் தாயின் சிதைக்கு முன்னால், தம்மைப் பத்து மாதம் சுமந்த உடம்பின் பாட்டை நினைந்து உருகினார். துறந்தவருக்கும் துறக்க முடியாத கடனாகத் தாயின் உடம்பு இருந்திருக்கிறது.

இந்த மாவட்டத்தின் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ரமண மகரிஷியின் வாழ்க்கை இதற்கு இன்னும் தெளிவான விளக்கம். நான் இந்த உடம்பல்ல என்ற விசாரணையை அவரைப்போல் கடைசிவரை கொண்டுசென்றவர்கள் சிலரே. ஆனாலும் கையில் எழுந்த புற்றுக்கட்டியை 1949-ல் மருத்துவர்கள் அறுக்க வந்தபோது அவர் இசைந்தார். ஒருமுறையல்ல, நான்கு முறை. உடம்பு நானல்ல என்று அறிவது வேறு, உடம்புக்கு வேண்டியதைச் செய்ய விடுவது வேறு. அவரிடம் இரண்டும் மோதவில்லை. 1922-ல் மறைந்த தாய் அழகம்மாளின் சமாதிமேல் எழுந்த கோயிலுக்கு 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. அங்குள்ள இறைவனின் பெயர் மாத்ருபூதேஸ்வரர். திருச்சிராப்பள்ளி மலைமேல் இருக்கும் தாயுமானவருக்கும் வடமொழியில் அதே பெயர்தான்.

தீட்டுப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. பிரசவத் தீட்டு சாதிக்குச் சாதி பதினொன்று, பதினாறு, முப்பது நாள் என்று மாறும். அடுப்படிக்கும் பூசையறைக்கும் போகக்கூடாது. கோயில் வாசல் மிதிக்க நாற்பது நாள் ஆக வேண்டும். விவிலியத்தின் லேவியராகமம் ஆண் குழந்தைக்கு 40 நாளும் பெண் குழந்தைக்கு 80 நாளும் விதிக்கிறது. இஸ்லாத்தில் பேறுகால உதிரப்போக்கு நிற்கும்வரை தொழுகை கடமையில்லை, விட்ட நோன்பைப் பின்னால் நோற்க வேண்டும். விதிகளைத் தனித்தனியே பார்த்தால் ஒதுக்கலாகவே தெரியும். ஆனால் அடுப்படிக்குப் போகக்கூடாது என்றால் சமைக்க வேண்டாம். தண்ணீர்க்குடத்தைத் தொடக்கூடாது என்றால் சுமக்க வேண்டாம். உடம்பு தேறத் தேவைப்படும் முதல் ஆறு வாரமும் இந்த நாற்பது நாளும் ஏறக்குறைய ஒன்றே. ஓய்வு கேட்கும் உரிமை மருமகளுக்கு இல்லாதிருந்த வீடுகளில் தீட்டின் பெயரால் அந்த ஓய்வு கிடைத்தது என்பதை மறுக்க முடியாது.

அதனால் தீட்டு நல்லது என்று முடிவுகட்டினால் பெரிய அநியாயத்தை மூடிமறைத்தது ஆகும். அந்த மருமகளுக்குப் பிரசவம் பார்த்தவள் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்து மருத்துவச்சி. உதிரம் தோய்ந்த துணியை வெளுத்தவள் வண்ணார் வீட்டுப் பெண். தாய்க்கு நாட்கணக்கில் இருந்த தீட்டை இந்தப் பெண்களுக்குப் பிறவி முழுமைக்கும் ஆக்கிவைத்தது ஊர். வயிற்றை நீவி, துணியைச் சுற்றி, எவ்வளவு இறுக்கினால் மூச்சு முட்டாது என்று விரலால் அறிந்திருந்த அறிவு அந்த மருத்துவச்சியிடம் இருந்தது. அதற்குக் கிடைத்த மரியாதை ஒரு படி நெல்லும் வாசலுக்கு வெளியே ஓர் இடமும்.

திருச்சிராப்பள்ளித் தலபுராணம் இந்த இடத்தில்தான் பெரிய வார்த்தை பேசுகிறது. வணிகர் குலத்து ரத்னாவதிக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. மருந்துப் பொருளோடு புறப்பட்டு வந்த தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையில் நிறுத்திவிடுகிறது. மகள் இறைவனை அழைத்து அழ, சிவபெருமான் அந்தத் தாயின் உருவிலேயே வந்து பிரசவம் பார்க்கிறார். கதை அங்கே முடிந்திருக்கலாம். வெள்ளம் வடியும்வரை தங்கியிருந்து பிள்ளை பெற்ற உடம்புக்கு வேண்டிய பணிவிடை அத்தனையும் செய்கிறார் என்று அது தொடர்கிறது. உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது வீட்டில் இரண்டு தாயைக் கண்டு எல்லாரும் திகைக்க, வந்தவர் மறைகிறார். சுகப்பிரசவம் வேண்டிக்கொண்டவர்கள் இன்றும் அங்கே வாழைத்தார் சாத்துகிறார்கள்.

பிள்ளைப்பேற்றை ஒட்டிய வேண்டுதல்களில் பெரும்பாலானவை கருத்தரிப்பதோடும் குழந்தை நல்லபடியாகப் பிறப்பதோடும் நின்றுவிடுகின்றன. திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகையிடம் பிள்ளை வரம் கேட்பவர்கள் நெய் பெறுகிறார்கள். கர்ப்பிணிகள் வயிற்றில் தடவ விளக்கெண்ணெய் பெறுகிறார்கள். குழந்தை கைக்கு வந்தபின் எல்லாருடைய பார்வையும் தொட்டிலுக்குப் போய்விடும். தாயுமானவர் கதை தாயின் கட்டிலருகே தங்குகிறது. ஊர் எந்த வேலையைக் கீழான வேலை என்று ஒரு சாதியின் தலையில் கட்டியதோ அதே வேலையைக் கடவுள் தன் கையால் செய்கிறார்; உதிரமும் வேது தண்ணீரும் அவர் கையில் பட்டன, அதனால் அவருக்குத் தீட்டு வரவில்லை. இந்தப் புராணத்தைக் கேட்டு வளர்ந்த சமூகம் மருத்துவச்சியை வாசலுக்கு வெளியே நிறுத்தியது, தன் கடவுளையே புரிந்துகொள்ளாத செயல். வயிற்றுக்கட்டின் சமயப் பொருளும் இந்தக் கதையிலேயே கிடைக்கிறது. புனிதம் கட்டிவிடும் கைகளிலும், அருகே தங்கியிருந்த நாட்களிலும் இருக்கிறது. துணிக்கு அது தானாக வராது.

அந்த நாட்கள்தாம் இன்று கிடைப்பதில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பெண்கள் சரம் பின்னுகிறார்கள், திரி வைக்கிறார்கள், குழாய் சுற்றுகிறார்கள், தீப்பெட்டி ஒட்டுகிறார்கள். பெரும்பாலும் தரையில் உட்கார்ந்து குனிந்து செய்யும் வேலை, எண்ணிக்கைக்குத்தான் கூலி. கை நின்றால் காசும் நின்றுவிடும். 1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது, அதுவும் பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்ததைக் காட்ட முடிந்தவருக்கு. வீட்டுத் திண்ணையில் குழாய் சுற்றும் பெண் எந்தப் பதிவேட்டில் அதைக் காட்டுவாள்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியே அவள் கைக்கு எட்டுவது.

வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது மரபு. வளைகாப்பு முடிந்து போனவள் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்புவாள். இரண்டாவது பிரசவத்துக்கு அந்தத் தாங்கல் குறைந்துவிடும், பல வீடுகளில் பத்து நாளில் அடுப்படி காத்திருக்கும். சட்டமும் இரண்டு குழந்தைகள் இருப்பவருக்கு 26 வாரத்தை 12 வாரமாகக் குறைக்கிறது. ஆனால் ஒவ்வொரு கர்ப்பமும் வெண்கோட்டை மேலும் நீட்டுகிறது. தசை தளரத் தளர ஓய்வைக் குறைத்துக்கொண்டே போவது தலைகீழான நியாயம். இந்த நிலையில் மருந்துக்கடை பெல்ட் குணமாக்கும் கருவியாக இல்லாமல், சீக்கிரம் வேலைக்குத் திருப்பி அனுப்பும் கருவியாகிவிடுகிறது. இறுக்கிக் கட்டிக்கொண்டு சுமை தூக்குபவள் தன் இடுப்புத்தளத்தின் விலையில் கூலி வாங்குகிறாள்.

பழைய வயிறு திரும்ப வேண்டும் என்ற ஆசையைப் பலர் வீண் அழகுணர்ச்சி என்று கடிந்துகொள்கிறார்கள். அந்த ஆசையில் குற்றம் காண ஏதுமில்லை. ஆனால் சுருங்காத வயிறும் தழும்புக்கோடும் வெட்கப்பட வேண்டியவை என்று விளம்பரங்கள் புகுத்தும் எண்ணத்தை மறுத்தாக வேண்டும். தூக்கவும் நிமிரவும் வலியில்லாமல் இருக்கவும் வயிறு தாங்கினால் போதும். தட்டையாக இருக்கக் கடமைப்பட்டதல்ல.

செய்ய வேண்டியது கடினமில்லை. பிரசவமாகி ஆறு வாரம் கழித்து, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல் வைத்துப் பார்க்கலாம். இரண்டு விரலுக்கு மேல் இறங்கினாலோ நடுவில் மேடு எழும்பினாலோ மருத்துவரைப் பார்த்துப் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டே பெல்ட் போட வேண்டும். ஆழ்ந்து மூச்சு விட முடிகிற அளவுக்குத்தான் இறுக்கலாம். கரிசல்காட்டு வெயிலில் வியர்த்துக் கொப்புளம் வராமல் அவ்வப்போது அவிழ்த்துக் காற்றுப்பட விட வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி விருதுநகரிலேயே இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண் இருக்கும் வீட்டார், அது முதல் பிள்ளையானாலும் மூன்றாம் பிள்ளையானாலும், அந்த நாற்பது நாளும் தண்ணீர்க்குடத்தையும் அரிசி மூட்டையையும் தாங்களே தூக்கட்டும். தீட்டு என்று சொல்லாமல், அவளுக்குச் சேர வேண்டியது என்று சொல்லித் தூக்கட்டும்.