நீடித்து நிற்பவர்களின் பொறுப்பு

ஒரு ஸ்தாபனம் தன் உன்னத நிலையிலிருந்து இறங்கி வருகையில், அதனிடம் அபிமானம் வைத்தவர்கள் அந்த இறக்கத்தின் நடுவே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்னும் கேள்வி விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. பழைய கல்லூரிகளும் பத்திரிகைகளும் சங்கீத சபைகளும் என்றைக்காவது ஒரு நாள் அதைச் சந்தித்தே தீர்கின்றன. ஆனால் மற்ற இடங்களில் மௌனத்தாலும் மரியாதையாலும் மூடி வைக்கப்படுகிற இந்த வேதனை, கால்பந்து ரசிகர்களிடையே ஒளிவுமறைவின்றிப் பேசப்படுகிறது. கல்கத்தாவில் ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் பருவம் வந்துவிட்டால், ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் அபிமானிகள், அதன் மூலதனத்தில் ஒரு காசும் அதன் முடிவுகளில் ஒரு சொல்லும் தங்களுக்கு இல்லை என்று நன்கு அறிந்திருந்தும், யாரைக் கொண்டுவர வேண்டும், யாரை அனுப்பிவிட வேண்டும், எந்த நாட்டு முன்வரிசை ஆட்டக்காரர் நம்முடைய மழைக்கால மைதானத்துக்கு ஏற்றவர் என்று அலுக்காமல் விவாதிக்கிறார்கள். அந்நகரில் சில காலம் வசித்தவன் என்ற முறையில் அந்தச் சம்பாஷணைகளை அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். அவை வீண் பேச்சு என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவை கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்கின்றனவா என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்த அபிமானத்தின் ஆழம் விளங்க வேண்டுமானால் அந்தக் கிளப்பின் சரித்திரத்தைச் சிறிது நினைவுகூர வேண்டும். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ஓர் ஆட்டக்காரருக்குக் கல்கத்தா அணியொன்று இடம் மறுத்த மனத்தாங்கலிலிருந்து 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி அது பிறந்தது. 1947-இல் தேசம் பிளவுபட்டு, பத்மா நதிக்கு அப்பால் வீட்டையும் நிலத்தையும் தோப்பையும் விட்டுவிட்டு லட்சக்கணக்கான மக்கள் கல்கத்தாவின் ரயில் நிலையங்களிலும் புறநகர்க் குடியிருப்புகளிலும் வந்து ஒதுங்கியபோது, தங்கள் சொந்த மண்ணின் பெயரை இன்னமும் தாங்கி நின்ற ஒரே பொது ஸ்தாபனமாக அவர்களில் பலருக்கு அந்தக் கிளப்பே தென்பட்டது. அது ஜயித்த நாளில் சந்தையில் ஹில்சா மீனின் விலை ஏறுவதும், எதிரியான மோகன் பகான் ஜயித்தால் இறாலின் விலை ஏறுவதும் அந்நகரத்துச் சிறுவர்களுக்கும் தெரிந்த சங்கதி.

அந்த அகதி ஜனங்களின் மானத்தை அக்காலத்தில் மைதானத்தில் காத்துக் கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால், தமிழ் வாசகர்களுக்கு வியப்பளிக்கும் ஒரு செய்தி கிடைக்கிறது. கிளப்பின் காரியதரிசியாயிருந்த ஜோதிஷ் சந்திர குஹா தேடிப் பிடித்துச் சேர்த்த வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்னும் ஐந்து முன்வரிசை ஆட்டக்காரர்களும் தென்னாட்டிலிருந்து சென்றவர்கள். வங்கத்து மக்கள் அவர்களைப் பஞ்ச பாண்டவர்கள் என்று அழைத்தார்கள். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ச்சியாக ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கிளப் வென்றது அவர்கள் காலத்தில்தான். தன்னுடைய ஊரை இழந்த ஒரு சமூகம், தன் பாஷை பேசாத ஐந்து பேரைத் தன்னவர்களாக வரித்துக்கொண்டு அவர்கள் மூலம் தலைநிமிர்ந்தது. ஆகவே, வெளியிலிருந்து ஆட்டக்காரரைக் கொண்டுவருவது சொந்த மண்ணுக்குச் செய்யும் துரோகம் என்று அந்தக் கிளப்பைச் சேர்ந்தவர் எவரும் சொல்ல நியாயமில்லை. கொண்டுவந்தவரை வைத்து என்ன கட்டப்பட்டது என்பதே கவனிக்க வேண்டிய விஷயம்.

பிற்பாடு வந்த மகத்தான காலங்களை விரித்துரைக்க இங்கே இடமில்லை. 1970 முதல் 1975 வரை ஆறு முறை இடைவிடாமல் கல்கத்தா லீக் பட்டம். 1975-ஆம் ஆண்டுக் கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகானை ஐந்துக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வென்ற வெற்றி. மூன்று முறை தேசிய லீக் பட்டம். 2003-இல் ஜகார்த்தா நகரில், பைச்சுங் பூட்டியா முதலியோர் ஆடிய அணி தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சாசனா அணியை மூன்றுக்கு ஒன்று என்று வென்று பெற்ற ஆசியான் கோப்பை. இவற்றுக்குப் பின்னர் இறக்கம் வந்தது. 2004-க்குப் பிறகு இருபது ஆண்டுகள் கடந்தும் ஆண்கள் அணிக்குத் தேசிய லீக் பட்டம் கிட்டவில்லை. 2020-இல் இந்தியன் சூப்பர் லீகில் கடைசி நேரத்தில் இடம்பெற்று, அணியைத் திரட்டவே அவகாசமில்லாமல் களமிறங்கிய கிளப், முதல் ஐந்து பருவங்களில் பெற்ற இடங்கள் முறையே ஒன்பது, பதினொன்று, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. அவற்றுள் பதினோராவது இடம் என்பது கடைசி இடம். அந்தப் பருவம் முழுவதிலும் கிட்டிய வெற்றி ஒன்றே ஒன்று. அதே ஆண்டுகளில் மைதானத்தின் மறுபக்கத்தில் மோகன் பகான் கோப்பையும் கேடயமும் குவித்துக்கொண்டிருந்தது. தன் தாழ்வைக் காட்டிலும் பக்கத்து வீட்டாரின் உயர்வு மனத்தை அதிகம் வாட்டுவது மனித சுபாவம். அதனால் அந்த நாட்களில் விவாதங்களில் காரம் ஏறியது.

2025-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, கிளப்பின் கூடாரத்துக்கு அருகே தேநீர் விற்பவரைச் சுற்றி நின்ற ஒரு சிறு கூட்டத்தில் நான் கேட்ட வாதம் இன்னும் என் சிந்தனையை விட்டு அகலவில்லை. எண்பது வயதை நெருங்கிய முதியவர் ஒருவர், பரிசால் ஜில்லாவிலிருந்து கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர், ஜாதவ்பூர்ப் பக்கத்து அகதிக் குடியிருப்பில் வளர்ந்தவர். அவருக்கு எதிரே, தோளில் சிவப்பும் மஞ்சளுமான துணியைப் போட்டுக்கொண்டு ஓர் இளைஞர், கல்லூரியை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவர். கறுப்பு உப்பு தூவிய எலுமிச்சைத் தேநீர் மண் குவளையில் ஆறிக்கொண்டிருக்க, முதியவர் நனைந்திருந்த மரப்பலகையின் மேல் விரலால் கோடு இழுத்து அணியின் அமைப்பை வரைந்து காட்டினார். வரைந்த கோடு ஒவ்வொன்றும் சிறிது நேரத்தில் தண்ணீரோடு கூடி மறைந்துவிட, அவர் பொருட்படுத்தாமல் மறுபடி வரைந்தார். இந்த ஆண்டு ஒரு பெரிய பெயரையும் வாங்க வேண்டாம், பதினாறு பதினேழு வயதுப் பையன்களை எடுத்து ஆறேழு ஆண்டுகள் ஒன்றாக வைத்து வளர்க்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. இளைஞரோ, பெனால்டி எல்லைக்குள் பந்து வந்தால் தயங்காமல் உதைக்கிற ஒரே ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர் இருந்தால் இந்த ஆண்டே நிலைமை மாறும் என்று வாதித்தார்.

வாழ்நாளில் மிகக் குறைந்த காலமே எஞ்சியிருக்கிறவர் மிகத் தாமதமான சிகிச்சையைக் கேட்பதும், நீண்ட எதிர்காலம் உடையவர் இன்றைக்கே பலன் வேண்டும் என்பதும் முதலில் எனக்கு விசித்திரமாகப் பட்டன. அதை அந்த இளைஞரே விளக்கிவிட்டார். “தாத்தா, நீங்கள் ஆறு லீக் பார்த்தீர்கள், ஐந்து கோல் பார்த்தீர்கள். வயிறு நிறைந்தவருக்குப் பொறுமை எளிது. நான் பார்த்ததெல்லாம் ஒன்பதாவது இடம்” என்றார் அவர். முதியவர் கோபித்துக்கொள்ளவில்லை. தம் தகப்பனார் நடைபாதையில் துணி விற்றுக்கொண்டிருந்த நாட்களில், பாண்டவர் ஐவரின் ஆட்டத்தைப் பார்க்கப் போவதற்காக ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடுவார் என்றும், அவர்களுக்குப் பிறகு மறுபடி அப்படியொரு காலம் வருமென்று காத்திருந்து, அது வருவதற்குள் காலமாகிவிட்டார் என்றும் மட்டும் சொன்னார்.

இளைஞரின் பேச்சில் உள்ள நியாயத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பழைய பெருமையே ரசிகர்களைக் கட்டி வைத்திருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் பெருமையைக் கண்ணால் காணாத ஒரு தலைமுறை, தாழ்வை மட்டுமே பிதுரார்ஜிதமாகப் பெற்றுக்கொண்டும் விலகாமல் நிற்கிறதென்றால், அவர்களுடைய அன்பு முதியவர்களுடைய அன்பைக் காட்டிலும் ஒரு படி தூயது என்றே நினைக்கிறேன். மாட்சியை அனுபவித்தவன் நன்றியினால் நிற்கலாம்; இவர்கள் நிற்பதற்கு நன்றியும் காரணமல்ல, லாபமும் காரணமல்ல.

ஆயினும் அந்த இளைஞர் கேட்ட மருந்து நோயைத் தீர்க்கவில்லை என்பதற்குச் சாட்சி அருகிலேயே இருக்கிறது. 2023-24 பருவத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு ஆடி, சூப்பர் லீகிலேயே அதிக கோல் அடித்தவர் என்ற விருதைப் பெற்ற கிரேக்க நாட்டு டிமிட்ரியோஸ் டயமன்டகோஸை அடுத்த பருவத்துக்கு ஈஸ்ட் பெங்கால் கொண்டுவந்தது. அந்தப் பருவத்தில் லீகின் முதல் ஆறு ஆட்டங்களிலும் கிளப் தோற்றது. தவறு அந்த மனிதருடையதன்று. 2018, 2020, 2022 என்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டாளர். ஃபௌலர், மனோலோ தியாஸ், மரியோ ரிவேரா, கான்ஸ்டன்டைன், குவாட்ராட், புருசோன் என்று ஐந்து பருவங்களுக்குள் ஆறு பயிற்சியாளர்கள். ஒவ்வொருவரும் தம் மனத்துக்கு உகந்த ஆட்டக்காரர்களைத் தேட, முன்னவர் சேர்த்தவர்கள் வழியனுப்பப்பட்டார்கள். நொடித்துப்போன குடும்பம், கணக்கைச் சீர்படுத்தாமல், பெரிய இடத்துச் சம்பந்தம் ஒன்று வாய்த்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நம்புவது போன்றதுதான் ஒரு தனி மனிதரை இரட்சகராக எண்ணி அழைத்து வருவது. வந்தவர் பேரில் சுமத்தப்படும் பாரம், அவர் செய்ய வல்ல அளவுக்கு மேற்பட்டது.

இதற்கு மாறாக, நல்ல நாள் பெரும்பாலும் எதிர்பாராத திசையிலிருந்தே வந்திருக்கிறது. மோகன் பகானிடம் தொடர்ச்சியாக எட்டு முறை தோற்றபின், 2023 ஆகஸ்டில் டூராண்ட் கோப்பை ஆட்டத்தில் ஒரே கோலால் அந்தத் தளையை அறுத்தவர், நம்முடைய சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். மறு ஜனவரியில் புவனேசுவரத்தில் ஒடிசா அணியை வென்று கலிங்கா சூப்பர் கோப்பையைக் கைப்பற்றியபோதும் அவர் கோல் அடித்தவர்களில் ஒருவர். ஆண்கள் அணியின் ஒப்பந்தங்களைப் பற்றி எல்லாரும் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்த 2024-25 பருவத்திலேயே, கிளப்பின் பெண்கள் அணி இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை வென்று தேசத்தின் முதல் அணியாயிற்று. கிளப்பின் பெயர் மறுபடியும் தேசிய லீக் சாம்பியன் பட்டியலில் ஏறியது அந்தப் பெண்களால்தான். விவாதங்களில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

தாழ்ந்த காலத்தில் அன்பு எளிதில் விஷமாகவும் மாறும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி ஈடன் தோட்டத்தில், இந்த இரு கிளப்புகளுக்கும் இடையே நடந்த ஆட்டத்தின்போது பார்வையாளரிடையே கலகம் மூண்டு பதினாறு பேர் உயிரிழந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை என்னும் துயரத்தை எந்தக் கோப்பையாலும் ஈடுசெய்ய முடியாது. கோல் தவறவிட்ட இளம் ஆட்டக்காரரையும் அவருடைய தாயையும் வசைபாடுவதை அபிமானத்தின் அடையாளமாகக் கருதுவோர் இன்றும் இருக்கிறார்கள். தான் இறங்கிவிட்டதன் வேதனையை, தன்னைவிட வலிமை குறைந்த ஒருவர்மீது இறக்கி வைப்பது அபிமானம் அன்று, அது கோழைத்தனம்.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது என் மனத்தில் உறுதிப்படுவது இதுதான். ஆட்டக்காரர் இரண்டு மூன்று ஆண்டுகள் இருப்பார்; பயிற்சியாளர் அதைவிடக் குறைவாக இருப்பார்; முதலீட்டாளர் லாப நஷ்டத்தைப் பார்த்து வருவார், போவார்; நிர்வாகிகளும் தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடியவர்கள். ஆயுள் முழுவதும் இருக்கப் போகிறவர்கள் ரசிகர்கள் மட்டுமே. அப்படியிருக்க, சில காலமே இருக்கிறவர்கள் அவசரப்படுவது இயல்பு. நெடுங்காலம் இருக்கிறவர்களும் அவர்களோடு சேர்ந்து அவசரப்பட்டால், அந்த ஸ்தாபனத்தின் நெடுங்காலத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். இந்த ஆண்டு யாரை வாங்கினீர்கள் என்று கேட்கிற அதே உரத்த குரலில், போன ஆண்டு சேர்த்த பையன்கள் என்ன ஆனார்கள், பயிற்சிக்கூடம் எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த பயிற்சியாளர் வந்தாலும் மாறாத திட்டம் எது என்று கேட்கும் உரிமையும் கடமையும் அவர்களுக்கே உண்டு.

அதே வேளையில், பொறுமை என்ற பெயரில் வாயை மூடிக்கொள்ளும்படி நான் எவருக்கும் சொல்லவில்லை. கணக்குக் கேளாத பொறுமை திறமையற்ற நிர்வாகத்துக்குக் கேடயமாகிவிடுகிறது. பொறுமையில்லாத ஆத்திரமோ, ஆட்டக்காரர்களை விற்று வாங்கும் தரகர்களுக்கே ஆதாயமாக முடிகிறது. முதியவரின் நீண்ட நோக்கும் இளைஞரின் விட்டுக்கொடாத கேள்வியும் ஒன்று சேர வேண்டும். அவை ஒன்று சேரக்கூடிய ஒரே இடம், அதிகாரமற்றவர்களின் அந்தத் தேநீர்க்கடை விவாதம்தான். கால்பந்துக் கிளப்பாயினும் கல்லூரியாயினும், நாம் பிறப்பதற்கு முன்பே தொடங்கி, நமக்குப் பின்பும் நடக்க வேண்டிய ஒன்றைச் சேர்ந்தவர்களாயிருப்பது நமக்குக் கிடைத்த பாக்கியம். அதன் உயர்ந்த நாட்கள் நம் ஆயுளுக்குள் வந்தே தீர வேண்டும் என்று விதிக்க நமக்கு உரிமையில்லை. அவை வரக்கூடிய நிலையில் அதை அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் பொறுப்பு நமக்கு உண்டு.