வேனிலும் ஏடும்

இளவேனில் வருகிறது. வேம்பு பூக்கிறது, மா காய்க்கிறது, புங்கின் புதுத்தளிர் நிழல் விரிக்கிறது. சித்திரை பிறந்த சில நாட்களில், ஏப்ரல் 23 அன்று, உலகப் புத்தக நாளும் வந்து சேர்கிறது. 1995-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அறிவித்த நாள் அது. வேனிலில் ஏடெடுத்து இன்புறுவீர் என அழைப்போர் பலர். இனிய அழைப்புத்தான்! ஆனால், அந்த இன்பம் யாருக்கு? உழைப்போர் வயலில் வியர்வை சிந்த, ஒருவன் நிழலில் அமர்ந்து ஏடு புரட்டுவது அறமாகுமா? இன்பத்துக்காகப் படிப்பது குற்றமா, உரிமையா?

விடை தேடிச் செஞ்சிக்குச் செல்வோம். 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட கோட்டை அங்கே நிற்கிறது. அதற்கு வடக்கே சிங்கவரம். பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டுள்ள ஊர். அதன் அருகே திருநாதர்குன்று. அங்குள்ள பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரை நினைவுகூரும் கல்வெட்டும் அங்கு உண்டு. தமிழ் எழுத்து உருமாறி வந்த வழியை ஆராய்வோர் அதனை அரிய சான்றாகப் போற்றுவர்.

கல்லே ஏடு! வெட்டவெளியே நூலகம்! பூட்டில்லை, காவலில்லை, கட்டணமில்லை. ஆயினும், குன்றின் அடியில் ஆடு மேய்த்தவனும் ஏர் பிடித்தவனும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்த எழுத்தைக் கண்டனரே அன்றிப் படித்தனரா? கண் இருந்தது, எழுத்தும் இருந்தது. இடையில் நின்று தடுத்தது எது? கல்வியை மறுத்த வழக்கம். ஓய்வை மறுத்த வறுமை!

ஆகவே, குற்றம் படிப்பின்பத்தில் இல்லை. அதைச் சுற்றி எழுப்பிய வேலியில் இருக்கிறது. நிழலில் படிப்பவனை எழுப்பி வெயிலில் நிறுத்துவது நீதியன்று. வெயிலில் நிற்பவனுக்கும் நிழலும் நேரமும் நூலும் கிடைக்கச் செய்வதே நீதி.

"பசித்தவனுக்குக் கஞ்சி கொடுங்கள், கதைப் புத்தகம் எதற்கு?" என்பார் சிலர். கஞ்சி முதலில் வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால், கஞ்சியோடு அவன் ஆசை முடிந்தது என்று தீர்ப்பெழுத இவர்கள் யார்? வயிற்றை மட்டுமா பெற்றான் அவன்? உள்ளத்தையும் அன்றோ பெற்றிருக்கிறான்!

அரங்கநாதர் ஊரைப் பேசும்போது, மற்றோர் அரங்கநாதரையும் நினைக்கவேண்டும். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் அவர். முன்னவர் குகையில் பள்ளிகொண்டவர். பின்னவர் அலமாரியில் பள்ளிகொண்டிருந்த ஏடுகளைத் தட்டி எழுப்பியவர்! நூல் பயன்பாட்டுக்கு உரியது, ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்று அவர் விதி வகுத்த நூல் 1931-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டி ஒன்று ஏடுகளைச் சுமந்து சிற்றூர்களுக்குப் புறப்பட்டது. நெல் சுமந்த வண்டி நூல் சுமந்தது! 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. படிப்பகங்கள் பல ஊர்களில் தோன்றின. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, தெரியாத பலர் சூழ்ந்து கேட்டனர். ஒருவர் கண், பலருக்குப் பார்வையாயிற்று.

இந்த வேனிலில் நாம் செய்யத்தக்கதும் அதுவே. பெரிய எழுத்துத் தேசிங்குராசன் கதையை எடுங்கள். மாலையில் மரத்தடியில், முதியோரும் சிறுவரும் சூழ, உரக்கப் படியுங்கள். நீலவேணிக் குதிரை பாயட்டும். மணக்கோலத்தை விட்டு நண்பனுக்காகப் போர்க்களம் விரைந்த மகமத்கானின் நட்பு, மதவேலி தாண்டி மணக்கட்டும். அதன்பின் வரலாற்று நூலைத் திறந்து, 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் பெரும்படையை எதிர்த்துத் தேசிங்கு மடிந்த செய்தியைப் படியுங்கள். போருக்கு விடைகேட்ட மன்னனைப் பார்க்காமல் சிங்கவரத்துக் கடவுள் முகம் திருப்பினார் என்கிறது கதை. முகம் திரும்பியதால் தோற்றானா, படை சிறுத்ததால் தோற்றானா? கேட்கட்டும் பிள்ளைகள்! கதையைச் சுவைக்கவும் வேண்டும். கதையைக் கேள்வி கேட்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததே படிப்பு.

மறுநாள், வெயில் ஏறுமுன் குன்றேறுங்கள். கல்லெழுத்தைச் சுரண்டாமல், சுண்ணம் தடவாமல், கண்ணால் படித்துத் தாளில் வரைந்து பாருங்கள். இன்று நாம் எழுதும் எழுத்தோடு ஒப்பிட்டு மகிழுங்கள். போகும்போது தனியே போகாதீர்கள். அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் சிறுவன் இருந்தால், அவனையும் உடன் அழையுங்கள். அவன் பாட்டன் கண்டும் படிக்காத எழுத்தை, அவன் விரல் தொட்டுப் படிக்கட்டும். அன்றுதான் அந்தக் குன்றுக்கு இளவேனில்!