குளம்பு சீவுதல் இம்சையா?

கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் ஆகிய ஐந்தையும் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் என்கிறது உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம். அவ்வாறாயின் மட்டக்குதிரையின் குளம்பைச் சீவுவதும் உறுப்பறுத்தலாகாதோ என ஐயுறுவோர் உளர்.

குளம்பின் புறஓடு நம் நகம் போன்றது, வெட்டினால் நோகாது. மாதம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். திரிந்து மேயும் குதிரைக்குக் கல்லும் கரடும் அதனைத் தேய்த்துவிடும். மண்ணூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்த நம் பகுதியில், கொட்டிலில் கட்டுண்ட குதிரைக்கு அவ்வாய்ப்பு ஏது? சீவாத குளம்பு நீண்டு வளைய, மூட்டும் தசைநாரும் நோகும்.

அசட்டையால் உயிருக்கு ஊறு விளைத்தலே இம்சை என்பது அச்சூத்திரத்தின் இலக்கணம். ஆகவே 6 முதல் 8 வாரங்களுக்கொருமுறை, உணர்வுள்ள உட்பகுதியைத் தீண்டாது, தேர்ந்தவரைக் கொண்டு சீவுவித்தல் இம்சையாகாது. சீவாது விடுதலே இம்சையாம். கட்டி வளர்க்க விழையும் நாம், அதன் கால்களைப் பேண இயலுமா என்பதை முதலில் எண்ணித் துணிவோமாக.