வளைவது யார்?

நேரம் எவருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வியை நாட்டார் முன் வைத்தால், பஞ்சாங்கம் முந்திக்கொண்டு பதில் கூறும்: நாள்தோறும் ஒன்றரை மணி இராகு காலத்துக்கு, இன்னொரு ஒன்றரை மணி எமகண்டத்துக்கு என்று! பகுத்தறிவு வழி நிற்கும் நாம் அந்தக் கணக்கைப் புறந்தள்ளினோம். மனிதனின் பொழுதை வானத்துக் கோள் பங்கு போடுவதா என்று நகைத்தோம். நகைத்தது நன்று. ஆனால், கோளிடமிருந்து மீட்ட பொழுது மனிதன் கைக்கு வந்து சேர்ந்ததா, ஆலைச் சங்கின் கைக்குப் போய்விட்டதா என்பதை எண்ணிப் பார்த்தோமா?

ஓசூரில் வாழ்வோர்க்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பின்னர், கேழ்வரகு விளைந்த மேட்டு நிலத்திலே லாரி விளைகிறது, இருசக்கர வண்டி விளைகிறது, கைக்கடிகாரமும் விளைகிறது. ஆம், கடிகாரம் செய்யும் ஊர் இது! ஊருக்கெல்லாம் நேரம் காட்டும் பொருளைச் செய்யும் கை, தன் நேரத்தைத் தானே ஆளுகிறதா?

2023-ஆம் ஆண்டு இந்தக் கேள்வி எல்லையின் இருபுறமும் எழுந்தது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கே கருநாடகம். அவ்வாண்டு பிப்ரவரியில் அம்மாநிலம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்புக்குள், நாளொன்றுக்கு 12 மணி வரை வேலை வாங்க வழி திறந்தது. ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்திலும் அதே திசையில் ஒரு திருத்த முன்வடிவு நிறைவேறிற்று. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் பொங்கி எழுந்தன. 24-ஆம் நாள் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று, அதைத் திரும்பப் பெற்றுவிட்டதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியதன் நூற்றாண்டு நாள் அது!

முன்வடிவு போயிற்று, அதன் பின்னே நின்ற வாதம் போய்விடவில்லை. அது வலுவற்ற வாதமும் அன்று. "நெகிழ்வான வேலை நேரம்" என்பது அதன் பெயர். நான்கு நாள் பன்னிரண்டு மணி உழை. மூன்று நாள் ஓய்வு கொள். மொத்தம் அதே 48 தானே? தொலைவிலுள்ள ஊரை விட்டு விடுதியில் தங்கி உழைக்கும் இளம்பெண், மூன்று நாள் கிடைத்தால் தாயைக் கண்டு வருவாள். அதைத் தடுக்க நீங்கள் யார்? இப்படிக் கேட்கின்றனர். கேட்கட்டும், பதில் கூறுவோம்.

முதலில் உடலைக் கேட்போம். பன்னிரண்டு மணி வேலை, போக ஒன்று, வர ஒன்று, ஆகப் பதினான்கு. எஞ்சுவது பத்து. உறக்கத்துக்கு எட்டு போனால், குளிக்க, உண்ண, குழந்தையைக் கொஞ்ச, ஏடு படிக்க, எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டே மணி! நான்கு நாள் களைப்பை மூன்று நாள் உறக்கம் ஈடு செய்யும் என்பது, நான்கு நாள் பட்டினிக்கு மூன்று நாள் விருந்து என்பது போன்ற கணக்கு. அந்த மூன்று நாளிலும் கூடுதல் வேலை வந்து கதவைத் தட்டினால் 48 என்ற வரம்பும் நில்லாது. வாரம் 55 மணிக்கு மேல் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி உழைப்போரைவிடப் பக்கவாதம் வரும் இடர் 35 விழுக்காடு மிகுதி என்று உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் எடுத்துரைத்தன.

அடுத்து வீட்டைக் கேட்போம். பள்ளியிலே பணிபுரியும் நாம் அன்றாடம் காணும் காட்சி இது: தந்தையிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால், "நான் புறப்படும்போது அப்பா வேலை முடிந்து வருவார், நான் திரும்பும்போது அவர் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்" என்கிறது பிள்ளை. ஒரே கூரையின்கீழ் இரு வேறு நாட்கள்! அன்பு என்பது திங்கள் முதல் வியாழன் வரை பூட்டி வைத்து, வெள்ளியன்று திறந்து செலவிடும் பணமா?

இனி, இசைவைக் கேட்போம். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. "தொழிலாளி விரும்பினால்தானே?" என்கின்றனர். விருப்பம்! எவ்வளவு இனிய சொல்! வரதட்சணை வாங்கியவனும் "மாமனார் மனமுவந்து அளித்தார்" என்றுதான் கூறுகிறான். அந்த மனமுவப்பின் உள்ளே இருக்கும் அச்சத்தை அறிந்ததால்தான் 1961-இல் சட்டம் அதைத் தடை செய்தது. மறுத்தால் என்ன நேரும் என்று அஞ்சுகிறவன் கொடுக்கும் இசைவு, இசைவாகாது. ஒப்பந்தத் தொழிலாளி "முடியாது" என்று கூறிவிட்டு மறுநாள் அதே வாயிலில் அச்சமின்றி நுழைய முடியுமா? முடியும் என்றால் அவன் "முடியும்" என்பதற்கும் மதிப்புண்டு. முடியாதெனில் அவன் கையெழுத்து வெறும் மை!

அப்படியானால் நெகிழ்வே தீதா? அன்று. மாலைக் கல்லூரியில் பயில விரும்பும் இளைஞன் ஒரு மணி முன்னதாக வந்து முன்னதாகச் செல்வதும், கைக்குழந்தை உள்ள தாய் தன் நேரத்தை மாற்றிக் கேட்பதும் வரவேற்கத்தக்கவையே. அங்கே வளைவது வேலை, நிமிர்வது மனிதன். ஆணை வந்தபோதெல்லாம் வந்து நிற்கச் சொல்வதற்கும் அதே பெயரைச் சூட்டுகின்றனரே, அங்கே வளைவது மனிதனின் முதுகெலும்பு. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. எனவே, நெகிழ்வு என்று எவர் கூறினும், வளைவது யார் என்று கேட்பதே நம் கடமை.

அளவுகோல் எளிது. நேர மாற்றத்தைக் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டா? கொடுத்த இசைவை இழப்பின்றித் திரும்பப் பெற முடியுமா? அடுத்த வார நேரம் முன்கூட்டியே தெரியுமா? தனியொருவனாக அன்றிச் சங்கமாக நின்று பேச முடியுமா? நான்குக்கும் "ஆம்" எனில் அது நெகிழ்வு. அன்றேல் பழைய பண்ணை முறைக்குப் பூசிய புதுச் சாயம்!

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் நாளுக்கு எட்டு மணி என்றே வரம்பு கூறுகிறது. கூடுதல் வேலைக்குத் தொழிலாளியின் இசைவும் இரட்டை ஊதியமும் வேண்டும் என்கிறது. ஏட்டில் உள்ள அந்த எட்டு, 1886-இல் சிகாகோ வீதிகளில் குருதி சிந்தி எழுப்பப்பட்ட கோரிக்கை. எவரும் இட்ட பிச்சையன்று.

தோழர்களே! எட்டு மணி என்பது உழைப்பின் எல்லை மட்டுமன்று. சிந்தனையின் தொடக்கமும் அதுவே. களைத்தவன் படிப்பதில்லை, படியாதவன் கேட்பதில்லை, கேளாதவனை ஆள்வது எளிது. ஓய்வு நேரத்தைக் காப்பது சோம்பலுக்குக் காவல் நிற்பதன்று, அறிவுக்குக் காவல் நிற்பது. ஓசூர்ச் சாலைகளில் விடியலிலும் நள்ளிரவிலும் விரையும் பேருந்துகளில் தலை சாய்ந்து உறங்குவோர் நம் உடன்பிறந்தார். அவர்கள் விழித்திருக்கும்போது வாழ்வதற்கும் ஒரு பொழுது வேண்டும் எனக் கேட்போம், கேட்டுப் பெறுவோம்!