காலி இடமும் பலவீனமும்

டிசைன் படிக்கும் ஒரு பையன் தன் பலம் எது, பலவீனம் எது என்று ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். வருஷக் கடைசியில் கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தைத் திருத்தித் தரவேண்டும், அவ்வளவுதான் அவன் வந்த காரியம். பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு பாங்கில் குமாஸ்தாவாக இருப்பவனால் ஊருக்கு இந்த ஒரு உபயோகம் உண்டு. பையன் சிவகாசிக்காரன். அப்பா ஆப்செட் அச்சகத்தில் பிளேட் போடுகிறவர்.

பலம் என்பதன் கீழ் நிறம் என்று எழுதியிருந்தான். எந்தச் சிவப்பு காகிதத்தில் எப்படி இறங்கும் என்று திரையில் பார்க்கும்போதே தெரிந்துவிடுமாம். பலவீனம்: காலி இடம் விட வரவில்லை, பக்கத்தை நிரப்பிவிடுகிறேன். "மூணு சார் சொல்லிட்டாங்கண்ணே. அதனால உண்மையாத்தான் இருக்கணும்" என்றான்.

எனக்கு அந்த 'அதனால'தான் உறுத்தியது. நிறம் தெரியும் என்பதை அவனாகவே அறிந்திருக்கிறான். பலவீனத்தை மட்டும் மூன்று பேர் சொல்லி அறிந்திருக்கிறான். ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் இரண்டு வெவ்வேறு பேர்களின் சாட்சியம். இதற்குச் சுயபரிசீலனை என்று பெயர்.

அவன் அப்பாவிடம் இதைப் பற்றிப் பேசினேன். "பேப்பருக்குக் காசு கொடுத்தாச்சு தம்பி, எடத்தைச் சும்மா போடவா?" என்றார். பையனுடைய பலவீனத்தின் பூர்வீகம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அது அவசரம். அவருடைய வேலையே வேறு விதமாகச் சொல்கிறது. 1790களின் கடைசியில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சில், எழுத்து மேடாகவும் இல்லை, பள்ளமாகவும் இல்லை. கல் ஒரே சமதளம். எண்ணெய்ப் பிசுக்கான பென்சிலால் வரைந்த இடம் மையைப் பிடிக்கிறது. பிசினும் அமிலமும் தடவிப் பதப்படுத்திய இடம் தண்ணீரைப் பிடித்து மையைத் தள்ளுகிறது. இன்றைய ஆப்செட் பிளேட்டிலும் இதே தத்துவம்தான். மை ஏறாத இடம் தானாக ஏறாமல் இருப்பதில்லை, ஏறாதபடி செய்யப்படுகிறது. தண்ணீர் குறைந்தால் வெள்ளையில் மை படிந்து தாள் குப்பைக்குப் போகும். இடத்தைச் சும்மா போடக்கூடாது என்கிற மனிதர் நாள் முழுக்கச் சும்மா இருக்கும் இடத்தைக் காவல் காக்கிறார். பையன் இதைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் வெள்ளை என்பது கல்லூரியில் கற்றுத்தரப்படும் ஒரு பண்பாடு என்றும், தன் வீட்டில் அது இல்லை என்றும் நம்புகிறான்.

சிவகாசி லேபிள் ஏன் நிரம்பி வழிகிறது என்பதற்குக் காரணம் உண்டு. 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். பட்டாசும் காலண்டரும் அந்த அச்சகங்களுக்கு மேலும் வேலை கொடுத்தன. எழுத்துத் தெரியாதவர் சேவல் படம் போட்டது கொடு என்று கேட்டு வாங்கவேண்டும். இருண்ட கடையில், நூறு பெட்டிகளுக்கு நடுவே, கைக்கெட்டாத தட்டிலிருந்து அது கூப்பிடவேண்டும். நிரப்புவது அந்தக் கேள்விக்குப் பதில். வேறொரு கேள்விக்கு அதே பதிலைச் சொன்னால் தவறுதான். அது பதிலின் தவறா, சொன்னவனின் குணமா?

இந்தியாவில் டிசைன் கல்வி எப்படித் தொடங்கியது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1958ல் சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதையொட்டி 1961ல் அகமதாபாத்தில் தேசிய நிறுவனம் வந்தது. அறிக்கையில் அவர்கள் மெய்மறந்து பேசுவது நம் வீட்டுச் செம்பைப் பற்றி. எவ்வளவு நீர் கொள்ளும், தலையிலா இடுப்பிலா, ஊற்றும்போது எப்படிச் சாயும், என்ன விலை என்று கேட்டுக்கொண்டே போய், இதை எந்தத் தனிமனிதனும் வடிவமைத்திருக்க முடியாது என்று முடிக்கிறார்கள். செம்பின் பலம், பலவீனம் என்று பட்டியல் போடவில்லை. பெயரில்லாத ஒரு பொருளை வியந்து ஆரம்பித்த படிப்பு, இருபது வயதுப் பையனிடம் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுது என்பதில் வந்து நிற்கிறது.

கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) இந்தப் பக்கத்தை எப்படி எழுதியிருப்பார்? சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், ரமணாச்ரமத்தில் இருந்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர், கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். அவரும் சீடர்களும் எழுதிய தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாக ஏறின. எனக்கு அவருடைய லக்ஷ்மிகள் பிடிப்பதில்லை. எல்லாத் தெய்வத்துக்கும் ஒரே கன்னம், ஒரே புன்னகை. அதே பள்ளிக்கு 1957ல் முதல்வரான பணிக்கர் வேறு திசையில் போனார். 1966ல் அமைந்த சோழமண்டலத்து ஓவியர்கள் பாத்திக் துணி விற்று ஓவியத்தைக் காப்பாற்றினார்கள். விற்கும் கை வேறு, வரையும் கை வேறு. கொண்டையராஜு கைகளைப் பிரிக்கவில்லை. அதை அவருடைய பலவீனம் என்று நம் வட்டத்தில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நாம் வெள்ளைக்குப் பழகியவர்கள். நாலு வரிக் கவிதைக்கு ஒரு முழுப்பக்கம் கொடுக்கிற பத்திரிகைகளில் வளர்ந்த கண் நமது. அந்தக் கண்ணை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதை மறக்கக்கூடாது என்கிறேன்.

நீட்ஷே 1882ல், தன் பலங்களையும் பலவீனங்களையும் முழுக்கப் பார்த்து, பலவீனமும் கண்ணுக்கு இனிக்கும்வரை எல்லாவற்றையும் ஒரே கலைத்திட்டத்தில் பொருத்துவதைப் பற்றி எழுதினார். டிசைன் மாணவனுக்கென்றே எழுதினதுபோல இருக்கிறது. ஆனால் அங்கே பார்ப்பவனும் பொருத்துபவனும் ஒருவனே. தாளை வாங்கி ஃபைலில் வைக்க ஆபீஸ் கிடையாது. ஸார்த்ர் (1943) இன்னும் கடுமை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் அதைத் தன்னிலிருந்து எடுத்து ஒரு பொருளாக எதிரே வைத்துவிட்டு, தான் நழுவிவிடுகிறான். நேர்மையே தன்னை ஏமாற்றிக்கொள்ளும் வழியாகிவிடுகிறது. வள்ளுவர் வலியறிதலை அரசனுக்குச் சொன்னார், செய்யப்போகும் ஒரு வினையை முன்வைத்து. வினையைச் சொல்லாமல் வலியை மட்டும் எடைபோடுவது நம் காலத்து வழக்கம். (தமிழில் பலத்துக்கும் நோவுக்கும் 'வலி' என்ற ஒரே சொல் இருப்பதை வைத்து ஜோடனை செய்யலாம். வேண்டாம்.)

எங்கள் பாங்கிலும் இப்படி ஒரு படிவம் உண்டு. பலவீனம் என்ற கட்டத்தில் நாங்கள் எல்லோரும் எழுதுவது ஒன்றுதான்: விவரங்களில் அளவுக்கு மீறிக் கவனம் செலுத்துகிறேன். பலத்துக்கு மாறுவேஷம் போட்டு அனுப்புகிறோம். ஸார்த்ர் சொல்லும் நேர்மையைக் கூட நாங்கள் எட்டவில்லை. ஆபீசர் ப்ரமோஷன் வேண்டாமென்று நான் இரண்டு முறை எழுதிக்கொடுத்திருக்கிறேன். போனால் வடக்கே மூன்று வருஷம். படிப்பதும் எழுதுவதும் நின்றுவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். பயம் என்று மனைவி சொன்னாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. பையனுக்கு இந்த மாறுவேஷம் இன்னும் கைவரவில்லை. நிஜமான பலவீனத்தை, அதுவும் மற்றவர் சொன்னதை, நிஜமாகவே எழுதிவிட்டான். அந்தத் தாளைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கூச்சம் இதனால்தான்.

நிரப்புவதில் பயமும் இருக்கிறதா என்று அவனைக் கேட்டேன். யோசித்தான். "இருக்குண்ணே. வெள்ளையா விட்டா வேலை செய்யலைன்னு நெனைப்பாங்களோன்னு." இது மூன்று ஆசிரியர்களும் சொல்லாதது, அப்பாவிடமிருந்து வந்ததும் இல்லை. அவனே கண்டது. அப்படியானால் இதை எழுது, யார் சொன்னது எது, நீ கண்டது எது என்று பிரித்து எழுது என்றேன்.

"ரெண்டு வரிக்குத்தான் ஃபாரத்துல எடம் இருக்குண்ணே" என்றான்.

ஒருமை பன்மைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன். மறுநாள் அனுப்பிவிட்டதாகச் சொன்னான்.