சீட்டு விழாத பாதி

சீசனில் குற்றாலம் வந்து குளிக்காமல் திரும்புகிற ஆளை இந்த வருஷம்தான் பார்த்தேன். அண்ணாச்சிக்கு முற்றிய புராஸ்டேட் புற்றுநோய், எலும்புவரை பரவியிருக்கிறது. ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசியோடு டோசிடாக்ஸெல்லும் ஏற்றுகிறார்கள், மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை. வெள்ளணு குறைந்திருக்கும், கூட்டத்தில் போய் நிற்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேரருவிக்கு எட்டத்தில், சாரல் மட்டும் படும்படி நின்றுகொண்டு கேட்டார்: “ஏன் தம்பி, ஒண்ணு போதாதா? எதுக்கு ரெண்டு?”

தெரிந்ததைச் சொன்னேன். ஹார்மோனை நிறுத்தினால் இந்நோய் பின்வாங்கும் என்று சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். பின்வாங்கியது மீண்டும் வரும். வந்த பிறகுதான் டோசிடாக்ஸெல் என்பது 2004க்குப் பின் வழக்கம். ஆரம்பத்திலேயே இரண்டையும் சேர்த்தால் என்ன என்று அமெரிக்காவில் 2006 முதல் 2012 வரை 790 பேரைச் சேர்த்துச் சோதித்தார்கள். சீட்டுக் குலுக்கியதுபோல 397 பேருக்கு இரண்டும்; 393 பேருக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும். 2015இல் முடிவு வெளியாயிற்று. இரண்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 57.6 மாதங்களைத் தாண்டினார்கள். மற்றவர்களில் பாதிப்பேர் 44ஐ.

“அப்பம் அந்த மத்த 393 பேரு?”

கையெழுத்திட்டுத்தானே சேர்ந்தார்கள் என்பது வழக்கமான பதில். பிறர் கையெழுத்தைச் சரிபார்த்தே பிழைக்கும் பாங்கு குமாஸ்தாவான எனக்கு அதன்மேல் அவ்வளவு மரியாதை இல்லை. மனிதனை வெறும் கருவியாக்கக் கூடாது என்று கான்ட் 1785இல் எழுதினார். (பி.ஏ. ஆங்கிலத்தில் இதை எங்களுக்கு யாரும் நடத்தவில்லை.) கையெழுத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது டாக்டரின் அறியாமை. எது மேல் என்று நிஜமாகவே தெரியாதபோது மட்டும்தான் சீட்டுக் குலுக்கலாம். தெரிந்துகொண்டு குலுக்குவது துரோகம். 2006இல் தெரியாது. முன்கூட்டி ஏற்றிய மருந்து ஆயுளைக் குறைத்திருக்கவும் கூடும். ஆகவே அந்த 393 பேருக்கு யாரும் அநியாயம் இழைக்கவில்லை.

அநியாயம் இல்லை என்பதால் கடனும் இல்லை என்றாகிவிடுமா? கொடுத்தவன், வாங்கியவன், தொகை மூன்றும் இருந்தால்தான் பேரேட்டில் கடன். இங்கே கொடுத்தவனுக்கு எதைக் கொடுக்கிறோம் என்று கொடுத்தபோது தெரியாது. கொடுத்தது மருந்தும் அல்ல, அந்த மருந்தில்லாமல் கழித்த மாதங்கள். அந்த 44 இல்லாமல் 57.6க்கு அர்த்தமே கிடையாது. இன்னொரு விநோதம்: 2022இல் வெளியான ஒரு சோதனையில் டாரோலுடமைடு என்று மூன்றாவதொன்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றும் பெற்றவர்களுக்கு மரண அபாயம் மூன்றிலொரு பங்கு குறைந்தது. அதில் ‘மற்றப் பாதி’ யார்? அண்ணாச்சி பெறுகிற அதே இரண்டையும் பெற்று, மூன்றாவதுக்குப் பதில் வெறும் மாத்திரை விழுங்கியவர்கள்.

அருவித் தண்ணீரில் மூலிகை இறங்குகிறது என்று நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். குளித்தவன், குளிக்காதவன் என்று பிரித்து நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. அதனால் இங்கே யாருக்கும் யாரும் கடனில்லை. ஒன்றும் தெரியவும் தெரியாது.

இதையெல்லாம் அரைகுறையாகச் சொன்னேன். கண்ணாடியில் படிந்த சாரலைத் துடைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. தென்காசிக் கோபுரம் தெரிந்தபோது, “அதுல என் வயசு ஆளு எத்தன பேரு இருந்திருப்பாங்க?” என்றார்.